லேவிலிருந்து தங்கையை அழைத்துவரப் போனது

லடாக்கில் இருக்கும் லேவுக்குப் போக நான்கு வழிகள் இருக்கின்றன என்று எங்கள் ஆபீஸ் வாசலில் நிற்கும் காவலாளி சொன்னார். அவர் ராணுவத்தில் இருபது வருடம் இருந்தவர். தபால் பிரிவில் என் பக்கத்து மேசைக்காரரான சர்தார்ஜியோ, ஒரே வழிதான், அது விமானம், மற்ற மூன்றும் சாவதற்கான வழிகள் என்றார். இருவரும் என்னை நடுவில் நிறுத்திவைத்து அரை மணி நேரம் வாதாடினார்கள். ஒருவரிடம் மெதுவாகக் கேட்டுவிட்டு ஒதுங்கிவிடலாம் என்று போன எனக்கு, அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு முப்பத்தொரு வயது. அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்ததால் அவர் ஆபீசிலேயே எனக்கு வேலை கொடுத்திருந்தார்கள். பத்தாம் வகுப்போடு நின்ற எனக்குத் தபால் பிரிவுதான் கிடைத்தது. வருகிற உறைகளைப் பிரித்து, முத்திரை குத்தி, மேசை மேசையாகக் கொண்டுபோய் வைப்பது. பேச வேண்டிய அவசியம் அதிகமில்லாத வேலை. டெல்லி கோல் மார்க்கெட் பக்கம் அரசுக் குடியிருப்பில் நானும் அம்மாவும் இருந்தோம். எனக்கு ஆறு வயது இளையவளான தங்கைக்கு ஒன்றரை வருடம் முன்பு திருமணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்கும் எங்களைப் போலத் திருநெல்வேலிப் பக்கம்தான். மலைச்சாலைகள் போடும் வேலையில் ஓவர்சீயர். அவருக்கு லேவில் வேலை.

குளிர்காலத்தில் அங்கே சாலைவேலை நின்றுவிடும். அப்போது மாப்பிள்ளை மூன்று மாதம் டெல்லி வந்து எங்களோடு இருந்தார். பங்குனியில் திரும்பினார். சித்திரையில் தங்கை, அவரோடு வேலை பார்ப்பவரின் குடும்பத்துடன் விமானத்தில் போய்ச் சேர்ந்தாள். முழுகாமல் இருப்பவள் அவ்வளவு உயரத்துக்குப் போகலாமா என்று அம்மா அழுதாள். கொஞ்ச நாள் அவரோடு இருந்துவிட்டு ஏழாம் மாதம் வளைகாப்புக்கு வந்துவிடுகிறேன், பிரசவம் இங்கேதானே என்று தங்கை சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றி விவாதித்ததில்லை.

ஏழாம் மாதம் ஆடியில் வந்தது.

"லீவு போட்டுப் போய்க் கூட்டிட்டு வந்துரட்டுமா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"ஆடியிலயா? ஆடியில எவளாவது மகளுக்கு வளைகாப்பு வைப்பாளால? ஊரு சிரிக்கும்."

"அப்போ ஆவணியில போறேன்."

"ஆவணி எட்டாம் மாசம்லா. எட்டுல பிள்ளத்தாச்சிய வாசப்படி தாண்ட விடப்படாது. புரட்டாசி பொறக்கட்டும். ஒம்போதாம் மாசம். மொத ரெண்டு நாளுக்குள்ள கூட்டிட்டு வந்துரு."

அம்மா விரல் கணுக்களில் மாதங்களை எண்ணிக் காட்டினாள். நான் தலையாட்டினேன். தாயும் மகளும் சம்பந்தப்பட்ட கணக்கு. அதில் ஆண்பிள்ளை நுழைந்து கேள்வி கேட்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. எனக்கு அந்த எண் மட்டும் போதுமாக இருந்தது. ஒன்பது.

மாப்பிள்ளையால் கொண்டுவந்து விட முடியாது. பனி விழுவதற்குள் சாலையைச் செப்பனிட்டு முடிக்க வேண்டும் என்பதால் ஐப்பசி வரை அவர்களுக்கு விடுப்பே கிடையாது. அதனால் நான் போய்த்தான் ஆக வேண்டும்.

காவலாளி சொன்ன நான்கு வழிகள் இவை. முதலாவது, டெல்லியிலிருந்து விமானம். ஒன்றேகால் மணி நேரம். ஆனால் அங்கே முற்பகலுக்கு மேல் காற்று கிளம்பிவிடுமாம். அதனால் விடியற்காலை மட்டும்தான். மேகம் இருந்தால் அதுவும் இல்லை. இரண்டாவது, சண்டிகரிலிருந்து ராணுவத்தின் சரக்கு விமானம். ஜவான்களும் மூட்டைகளும் போகிற விமானத்தில் இடம் இருந்தால் அரசு ஊழியர் குடும்பத்தையும் ஏற்றுவார்கள். அனுமதித் தாள் வாங்கவே ஒரு மாதம் ஆகும். மூன்றாவது, ஜம்மு வரை ரயில், அங்கிருந்து ஸ்ரீநகர், கார்கில் வழியாகச் சாலை. "இந்த வருஷங்களில் அதைப் பற்றி யோசிக்காதே" என்று அவரே தள்ளிவிட்டார். நான்காவது, மணாலி வழி. கோடையில் நான்கு மாதம் மட்டும் திறந்திருக்கும். இரண்டு நாள் ஜீப்பில்.

"நான்காவதில் போனால் தலை வெடிக்கும், பயப்படாதே. வெடிக்காது, வெடிப்பது மாதிரி இருக்கும்" என்றார் காவலாளி.

"இவர் பேச்சைக் கேட்காதே பேட்டா" என்றார் சர்தார்ஜி. "இவர் மலையில் இருபது வருஷம் இருந்து பாதி மூளையை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்."

"மீதிப் பாதியே உனக்கு இருப்பதைவிட ஜாஸ்தி" என்றார் காவலாளி.

விமான டிக்கெட் அலுவலகத்துக்குப் போனேன். வரிசையில் என் முறை வந்ததும் பின்னால் இருந்தவருக்கு வழிவிட்டு மறுபடி கடைசியில் போய் நின்றேன். இரண்டு முறை அப்படிச் செய்த பிறகு கவுன்ட்டரில் இருந்த பெண்ணே என்னைக் கூப்பிட்டாள். லேவுக்குப் போகிற பக்கம் புரட்டாசி பிறக்கும் வரை ஓர் இடம்கூட இல்லை, எல்லாம் மலையேற வரும் வெளிநாட்டுக்காரர்கள். திரும்பி வருவதற்குப் புரட்டாசி இரண்டாம் தேதிக்கு இரண்டு இடம் கிடைத்தது. அம்மா சொன்ன நாளே கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அதை வாங்கிக்கொண்டு வந்தேன். போவதற்கு நான்காவது வழி.

ஆவணிக் கடைசி வாரத்தில் கிளம்பினேன். காஷ்மீரி கேட் பஸ் நிலையத்திலிருந்து மணாலிக்குப் பதினாறு மணி நேரம். அங்கே லேவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்த ஜீப்பில் பின் சீட்டில் இடம் கொடுத்தார்கள். என் பக்கத்தில் லடாக்கைச் சேர்ந்த ஒரு வியாபாரி. அவர் காலடியிலும் என் காலடியிலும் தக்காளிப் பெட்டிகள் இருந்தன. லேவில் தக்காளி என்பது தங்கம் என்று சொன்னார். இரண்டு நாளும் என் முழங்கால் அந்தத் தங்கத்தின் மேல்தான் இருந்தது.

ரோத்தங் கணவாயைத் தாண்டும்வரை பசுமை இருந்தது. பிறகு மரங்கள் குறைந்தன. பிறகு மரமே இல்லை. மலைகள் காவி, ஊதா, சாம்பல் என்று நிறம் மாறிக்கொண்டே போயின. சாலை பல இடங்களில் சாலையாகவே இல்லை. ஆற்றுத் தண்ணீரில் இறங்கி ஏறியது ஜீப். ஒவ்வொரு குலுக்கலுக்கும் நான் தங்கையை நினைத்துக்கொண்டேன். நல்லவேளை, திரும்பும்போது விமானம் என்று சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் மிக உயரமான கணவாயை நெருங்கும்போது காவலாளி சொன்னது நடந்தது. மண்டைக்குள் யாரோ ஆணி அறைவது போலிருந்தது. கண்ணை மூடினேன்.

"தூங்காதே பாய்" என்று தக்காளிக்காரர் என் தொடையைத் தட்டினார். "தூங்கினால் இன்னும் ஜாஸ்தியாகும். பேசு. உன் ஊர் எது?"

"டெல்லி."

"டெல்லிக்காரன் முகம் இல்லையே."

"அதற்கு முன்னால் திருநெல்வேலி."

"அது எங்கே?"

இந்த ஜீப் எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில், நிலம் முடிகிற இடத்துக்குக் கிட்டே என்றேன். அவர் வெகுநேரம் சிரித்தார். எதற்காகப் போகிறாய் என்று கேட்டார். தங்கையைப் பார்க்க என்று மட்டும் சொன்னேன். அவள் பிள்ளைத்தாய்ச்சி என்பதை முன்பின் தெரியாத ஓர் ஆணிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

லேவில் தங்கை இருந்தது ஒரு மண்வீட்டின் மாடியில். கீழே வீட்டுக்காரம்மா, லடாக்கி. நான் படியேறி மேலே போவதற்குள் மூன்று முறை நின்று மூச்சு வாங்கினேன். தங்கை வாசலில் நின்று சிரித்தாள்.

"என்ன அண்ணே, எனக்கு முன்னாலயே உனக்கு மூச்சு வாங்குது?"

முகம் சிவந்து, கன்னத்தில் வெடிப்பு விழுந்திருந்தது. வயிறு நன்றாகத் தெரிந்தது. நான் அதைப் பார்க்காதவன்போல அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்றேன்.

புரட்டாசி முதல் தேதி. அந்தக் காலத்தில், வாங்கிய டிக்கெட்டைப் பயணத்துக்கு முன் நேரில் போய் உறுதி செய்ய வேண்டும். லே கடைத்தெருவில் விமான அலுவலகம் இருந்தது. தங்கை பெட்டி கட்டிக்கொண்டிருந்ததால் நான் மட்டும் போனேன். எழுத்தர் நடுவயது லடாக்கிக்காரர், மரியாதையானவர். டிக்கெட்டைப் பார்த்தார். கூட வருவது யார் என்று கேட்டார். தங்கை என்றேன். லேவில் என்ன செய்கிறார் என்று கேட்டார். அவள் கணவருக்கு இங்கே வேலை, அவள் பிரசவத்துக்கு வருகிறாள் என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

எழுத்தர் தலை நிமிர்ந்தார். "எத்தனையாவது மாதம்?"

எனக்குப் பின்னால் ஆறு பேர் நின்றார்கள். அம்மா சொல்லி அனுப்பியிருந்த எண்ணைச் சொன்னேன்.

"ஒன்பதாவது."

அவர் பேனாவை மூடிவிட்டார். ஒன்பதாம் மாதக்காரியை ஏற்ற முடியாது, எட்டு மாதம், அதாவது முப்பத்திரண்டு வாரம் முடிந்தால் விமானத்தில் இடமில்லை, அதற்கு உள்ளே இருந்தாலும் டாக்டர் கடிதம் வேண்டும் என்றார். குரலை உயர்த்தவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். நான் "அச்சா" என்றேன். வாதாடத் தெரிந்த ஒருவன் அங்கே நின்று நாலு வார்த்தை பேசியிருப்பான். நான் டிக்கெட்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். எங்கள் இரண்டு இடத்தையும் காத்திருந்த வேறு இருவருக்குக் கொடுத்திருப்பார்கள்.

தங்கையிடம் சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை.

"ஒம்போதா? யாரு சொன்னா ஒம்போதுன்னு?"

"அம்மா."

"அம்மா தமிழ் மாசத்த வச்சுல்லா எண்ணுவா! மாசம் பொறந்தா ஒண்ணு கூட்டிருவா. ஆஸ்பத்திரிக் கணக்கு வேற. ஏண்ணே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."

கேட்டிருக்கலாம். நான்கு நாளாக அந்த வீட்டில்தான் இருந்தேன். தண்ணீர் எப்போது வரும், மண்ணெண்ணெய் எங்கே வாங்குவது என்று எல்லாம் கேட்டிருந்தேன்.

மறுநாள் காலை அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். நாங்கள் போக வேண்டிய விமானம் தலைக்கு மேலே கிளம்பிப் போனது. இருவரும் நிமிர்ந்து பார்த்தோம். லேடி டாக்டர் தங்கையிடம் கடைசியாக மாதவிலக்காகிக் குளித்த தேதியைக் கேட்டு, மேசையில் கிடந்த வட்டமான அட்டையைத் திருப்பிப் பார்த்தார். முப்பத்தொரு வாரம், ஐந்து நாள். தை முடிய நான்கு நாள் இருக்கும்போது குளித்தவள். அந்த நான்கு நாளுக்காக அம்மா தையையே முதல் மாதமாக எண்ணிவிட்டாள். புரட்டாசி பிறந்ததுமே ஒன்பது. இந்த அட்டையில் எட்டு மாதம்கூட முடியவில்லை.

டாக்டர் சிரித்தார். எங்கள் ஊரிலும் இப்படித்தான், பிறந்த அன்றே குழந்தைக்கு ஒரு வயது என்பார்கள், புதுவருஷம் வந்தால் இன்னொன்று என்றார். கடிதத்தில் வாரத்தையும் நாளையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பயணத்துக்குத் தடையில்லை, ஆனால் சீக்கிரம் போங்கள், இரண்டு நாள்தான் இருக்கிறது என்றார்.

கடிதத்தோடு எழுத்தரிடம் போனேன். இந்தமுறை தங்கையும் வந்தாள், அவளே பேசினாள். இடம் வைத்துத் தருகிறேன், நாளைக் காலை விமான நிலையத்துக்கு வாருங்கள் என்றார்.

மூன்றாம் தேதி மலைகளின் மேல் மேகம் உட்கார்ந்திருந்தது. விமான நிலையம் என்பது அப்போது ஒரு கொட்டகை மாதிரித்தான். அதில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருந்தோம். ஒன்பது மணிக்கு ஒரு சிப்பாய் வந்து, விமானம் டெல்லியிலிருந்தே கிளம்பவில்லை என்றார். எல்லோரும் பழக்கப்பட்டவர்கள் போல எழுந்து போனார்கள்.

நான்காம் தேதி கிளம்பியது. சத்தம் கேட்டது. எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினோம். மேகத்துக்கு மேலே எங்கேயோ ஒரு சுற்று, இன்னொரு சுற்று. தங்கை என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். பிறகு சத்தம் தெற்குப் பக்கமாகக் கரைந்து போனது. இறங்க முடியாமல் திரும்பிவிட்டதாம்.

ஐந்தாம் தேதி வானம் கழுவிவிட்டது போல இருந்தது. விமானம் வந்து இறங்கியது. அன்று கொட்டகையில் இருந்தவரும் அதே எழுத்தர்தான். கடிதத்தை வாங்கி, தேதியைப் பார்த்து, விரல்விட்டு எண்ணினார். நேற்றோடு முப்பத்திரண்டு வாரம் முடிந்துவிட்டது. இன்னும் ஒருமுறை எண்ணினார். எங்களுக்குச் சாதகமாக வராதா என்று அவரே பார்ப்பதாகத் தோன்றியது.

"முந்தாநாள் மேகம். நேற்றும் மேகம். நாங்கள் தாமதிக்கவில்லை" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"தெரியும் பாய். நானும் இங்கேதானே இருந்தேன்" என்றார். "வழியில் ஏதாவது ஆனால் அந்தக் கடிதத்தைத்தான் என்னிடம் காட்டுவார்கள்."

நான் முதல் நாள் சரியாகச் சொல்லியிருந்தால் இரண்டாம் தேதி விமானத்திலேயே போயிருப்போம். அன்று வானம் தெளிவாக இருந்தது.

அன்று மதியம் மாப்பிள்ளை சாலைவேலை நடக்கும் முகாமிலிருந்து லாரி ஒன்றில் வந்து சேர்ந்தார். முகமெல்லாம் தார்ப்புகை. மூன்று பேரும் உட்கார்ந்து இருக்கிற வழிகளைப் பேசினோம். ராணுவ விமானத்துக்கு அனுமதி வாங்குவதற்குள் குழந்தையே பிறந்துவிடும். ஸ்ரீநகர் பேச்சை எடுக்கவே இல்லை. நான், மணாலிக்கு ஜீப்பில் மெதுவாக, மூன்று நாளாகப் பிரித்துக்கொண்டு போனால் என்று இழுத்தேன்.

"வேண்டாம் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "அந்த ரோட்டப் போட்டவனே நான்தான். எங்கெங்க குழி இருக்குன்னு எனக்கு மனப்பாடம். அதுல இவள ஏத்த மாட்டேன்."

"பின்ன ஒழுங்காப் போடுறதுக்கு என்னவாம்?" என்றாள் தங்கை. மூன்று பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. வீட்டுக்காரம்மா நல்லவங்கதான், டாக்டரும் நல்லவங்கதான், ஆனா அம்மா இல்லாம எப்படி அண்ணே என்றாள். சிறு வயதில் பள்ளிக்கூட பஸ்ஸைத் தவறவிட்டால் இதே குரலில்தான் கேட்பாள். அப்போதெல்லாம் நான் அவளை நடத்திக் கூட்டிப் போவேன்.

கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத் ஒன்று இருந்தது. லைன் கிடைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. குடியிருப்பில் எங்கள் பக்கத்து வீட்டில்தான் போன். அவர்கள் போய் அம்மாவைக் கூட்டிவந்தார்கள்.

"எப்பல வந்து இறங்குதிய? வெந்நீர் போட்டு வைக்கணும்லா" என்றாள் அம்மா எடுத்த எடுப்பில். மூன்று நாளாகத் தினமும் வெந்நீர் போட்டு வைத்திருக்கிறாள்.

நடந்ததைச் சொன்னேன். லைனில் காற்று இரைந்தது.

"நீ என்னத்தல சொன்ன அவன்கிட்ட?"

"ஒம்போதாம் மாசம்னு சொன்னேம்மா."

"நான்தானே சொல்லிக் குடுத்தேன்" என்றாள். பிறகு, "ஆடியிலயே கூட்டிட்டு வந்திருக்கலாம். நீ கேட்டே. ஊரு சிரிக்கும்னேன். இந்த டெல்லியில நமக்கு எந்த ஊரு இருக்கு சிரிக்க?"

மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"சரி. அவ வரமுடியலன்னா நான் வாரேன்."

"உனக்கு முட்டு வலிம்மா. இங்க எல்லாம் மலை, படி..."

"பறக்குறதுக்கு முட்டு எதுக்குல? அந்த டிக்கெட்டு எங்க எடுக்கணும், அத மட்டும் சொல்லு. இல்ல, உங்க ஆபீஸ் சர்தார்ஜியக் கேட்டுக்கிடுதேன்."

அதுவரை அம்மா தனியாகக் கரோல்பாக்குக்கு மேல் போனதில்லை.

அவள் சர்தார்ஜியைத் தேடி என் ஆபீசுக்கே போயிருக்கிறாள். புரட்டாசி பிறந்துவிட்டதால் போகிற பக்கம் இடம் கிடைத்தது. சர்தார்ஜியே தன் ஸ்கூட்டரில் விடியற்காலையில் கொண்டுபோய் விட்டாராம். பத்தாம் தேதி காலை அதே கொட்டகையில் நான் காத்திருந்தேன். விமானத்தின் படிக்கட்டில் வெளிநாட்டுக்காரர்களுக்கு நடுவே, சேலைக்கு மேல் அப்பாவின் பழைய ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கையில் ஒரு கூடையை நெஞ்சோடு அணைத்தபடி அம்மா இறங்கினாள். கூடைக்குள் துணியில் பொதிந்து கண்ணாடி வளையல்கள். வழியெல்லாம் மடியில் வைத்திருந்தாளாம். பணிப்பெண் மேலே வைக்கச் சொன்னதற்கு, இது உடைந்தால் நீ வாங்கித் தருவாயா என்று தனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டாளாம்.

"எங்கல அவ?"

"வீட்ல. நீ மெதுவா வா. இங்க வேகமா நடக்கப்படாது."

வேகமாகத்தான் நடந்தாள். வீட்டுப் படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். மேலே இருந்து தங்கை இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா அவள் கன்னத்து வெடிப்பைத் தொட்டுப் பார்த்தாள். "எண்ண தேய்க்க மாட்டியோ?" என்றாள். தங்கை அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். வீட்டுக்காரம்மா கீழிருந்து வெந்நீர் கொண்டுவந்தாள். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு அவர்களைத் தாண்டி மேலே போனேன்.

அதன்பிறகு இரண்டு நாள் அம்மாவுக்குத் தலை தூக்க முடியவில்லை. படுத்தபடியே எல்லோரையும் அதிகாரம் செய்தாள். மூன்றாம் நாள் எழுந்து ரசம் வைத்தாள். அந்த ஊரில் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது என்று குக்கரோடு சண்டை போட்டாள்.

என் விடுப்பு முடிந்திருந்தது. அம்மா மற்ற மூன்று வழியும் வேண்டாம், விமானத்தில் போ என்றாள். இடம் கிடைக்கவில்லை. மாப்பிள்ளை சாலை இலாகா லாரி ஒன்றில் டிரைவர் பக்கத்தில் இடம் வாங்கிக் கொடுத்தார். மலைமேல் புதுப்பனி விழுந்திருந்தது. குழிகள் வரும்போதெல்லாம் டிரைவர், "இது உங்கள் மச்சான் போட்டது சாப்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார். நான் டெல்லி திரும்பிய இரண்டு வாரத்தில் சாலையை மூடிவிட்டார்கள்.

ஐப்பசி முடிகிற சமயம், ஒருநாள் பதினோரு மணி வாக்கில் ஆபீஸ் போன் அடித்தது. பிரிவு அதிகாரி மேசையில் இருக்கும் போன். எனக்கு என்று சொல்லி அவரே கூப்பிட்டார்.

"பொம்பளப் புள்ள" என்று அம்மா கத்தினாள். லேவிலிருந்து பேசுவதால் கத்த வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். "விடியக்காலம் நாலர மணிக்கு. ரெண்டு பேரும் நல்லாருக்காவ. நான் உள்ளயே இருந்தேம்ல, அவ கையப் புடிச்சுக்கிட்டு. அந்த டாக்டரம்மா என்னய வெளிய போகச் சொல்லல."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். பிரிவில் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கைக்குப் பெண் குழந்தை என்றேன். சர்தார்ஜி எழுந்து வந்து கட்டிக்கொண்டார். காவலாளியும் வாசலை விட்டுவிட்டு வந்தார். எடை எவ்வளவு என்று யாரோ கேட்டார்கள். தெரியவில்லை. நான் கேட்கவே இல்லை.

மாலையில் ஆபீஸ் விட்டதும் கோல் மார்க்கெட்டில் பூத்துக்குப் போய், லைன் கிடைக்கும்வரை நின்று, லே ஆஸ்பத்திரி நம்பரைப் போட்டு, போனை எடுத்த ஆளிடம் தங்கையின் வார்டைச் சொல்லி, நர்சைக் கூப்பிடச் சொல்லிக் கேட்டேன். இரண்டே முக்கால் கிலோ என்றாள். பால் குடிக்கிறதா என்றேன். குடிக்கிறது என்றாள்.